நன்கொடையாளர் பார்க்க வந்த தூக்கம்

"நைனா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேம்மா" என்றார் கங்கையா.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மகள் சிவசங்கரி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அவள் எதிரே இருந்த திரையில் கோடுகள் தேர்க்கூட்டம் மாதிரி முண்டியடித்துக்கொண்டு ஓடின. தூங்குகிற மூளையின் கோடு அப்படி ஓடாதாம். ஏரித்தண்ணீர் அலை மாதிரி சாவகாசமாக ஏறி, சாவகாசமாக இறங்குமாம். கங்கையாவின் தலையில் ஒட்டியிருந்த ஒயர்கள் ஒவ்வொன்றும் அவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன.

திருப்பதியில் மலையடிவாரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் தூக்க ஆராய்ச்சிக்கூடம் அது. மத்தியானச் சாப்பாடு முடிந்து உலகமே சொக்கிப்போகிற நேரம். ஜன்னலுக்கு வெளியே மலைகள் ஒன்றின்மேல் ஒன்று தலை சாய்த்துக் கிடந்தன. வேப்பமரத்து நிழல்கூட எழுந்து நகரச் சோம்பல்பட்டு, இருந்த இடத்திலேயே இருந்தது. கங்கையா மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கொட்டக் கொட்ட விழித்திருந்தார்.

அவர் ஊரான விஜயபுரம் பக்கம் போய், கங்கையா தூக்கம் வராமல் தவிக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். உங்களை நிழலில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, வெயில் தலைக்கு ஏறிவிட்டதா என்று விசாரிப்பார்கள். கங்கையாவின் தூக்கம் அப்பேர்ப்பட்டது. நடவு வயலில் நின்றுகொண்டே தூங்குவார். தூக்கத்தில் அவர் நட்ட வரிசைதான் நேராக இருக்கும், விழித்துக்கொண்டு நட்டது கோணல். நகரியிலிருந்து புத்தூர் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தூங்குவார். கண்டக்டர் வந்தால் தூக்கத்திலேயே டிக்கெட் வாங்கிக்கொண்டு, பக்கத்து ஆளுக்கும் கைமாற்றி விடுவார். ஒருமுறை சர்வேயர் வந்து நிலம் அளந்தபோது, மண் நிறமாகப் படுத்துக் கிடந்த கங்கையாவை வரப்பு என்று நினைத்து அவர்மேல் சங்கிலி போட்டுவிட்டார். இன்றைக்கும் அந்த இடத்தில் பக்கத்து நிலத்தின் எல்லை, இடுப்பு மாதிரி ஒரு வளைவு வளைந்துதான் போகிறது. சந்தேகம் இருந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அவருடைய அப்பா காலத்தில் படுப்பதற்குச் சொந்தமாக ஒரு வரப்புகூடக் கிடையாது. சர்க்கார் ஒரு ஏக்கர் பட்டா கொடுத்த பிறகுதான், சொந்த மண்ணில் தூங்குகிற தூக்கத்துக்குத் தனி ருசி உண்டு என்று கங்கையா கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை விடாமல் அனுபவித்தும் வந்தார்.

அப்படிப்பட்டவருக்குத் தூக்கம் போனதற்குக் காரணம் ஒரு தர்மப்பிரபு.

சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை வைத்திருக்கும் கிருஷ்ணப்பா என்பவர்தான் சிவசங்கரியின் படிப்புக்குப் பணம் கொடுக்கிறவர். அவளுக்கு ஹாஸ்டல், அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி, எதிரே இருக்கும் மிஷின், கங்கையா படுத்திருக்கும் கட்டில், தலையணை எல்லாம் அவர் கைங்கரியம். அவர் கொடுக்காத படிப்பு இல்லை. ஓர் ஊரில் வீணை வகுப்புக்குக் கொடுத்தார். இன்னோர் ஊரில் மூலிகைத் தோட்டம். வேறோர் ஊரில் எருமைப்பால் ஆராய்ச்சி. எத்தனையோ பிள்ளைகள் அவர் தயவில் படித்துப் பட்டம் வாங்கி, ஊர் ஊராக வேலைக்குப் போயிருக்கிறார்கள். தன் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னதில்லை. திறப்புவிழா, மாலை, மேடை எதற்கும் வந்ததில்லை. ஆனால் அவரிடம் ஒரு குணம். ஆராய்ச்சி அறிக்கையை அனுப்பினால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பார். படித்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்த வருஷம் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார்.

பெரிய உழைப்பாளி. அவர் ஆலைக்கு எந்த நேரத்தில் போனாலும் விழித்திருப்பார். பொழுது விடியுமுன் போன் போட்டாலும் முதல் மணிக்கே எடுப்பார். இதற்காக வியாபாரிகள் சங்கத்தில் ஆளுயர மாலை ஒன்றை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். சிவசங்கரியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பேராசிரியை பிரமிளா மேடம், வகுப்பில் கொட்டாவி விடுகிற பிள்ளைகளுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்.

அந்த மேடத்தின் எதிரே கங்கையா போன வாரம் தூங்கிவிட்டார். மகளைப் பார்க்க வந்த இடத்தில், "வணக்கம் மேடம்" என்று கையைக் கூப்பினார். கூப்பிய கை இறங்கியபோது ஆள் தூங்கியிருந்தார். இருபது வருஷமாகத் தூக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிற மேடம், கோயிலில் கர்ப்பக்கிரகத்தைப் பார்த்த மாதிரி நின்றுவிட்டார். அன்றைக்கே கிருஷ்ணப்பாவுக்கு எழுதினார்: தலை சாய்ந்த மாத்திரத்தில் தூங்கும் ஒரு மனிதரைக் கண்டுபிடித்திருக்கிறோம்.

இதுவரை எங்கும் வராத கிருஷ்ணப்பா உடனே போனில் வந்தார். "வெள்ளிக்கெழமை வரேன். அந்த ஆளு எங் கண்ணெதிர்ல தூங்கணும். நான் பாக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு.

"நைனா" என்று சிவசங்கரி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். "நம்ம காலனியில இதுவரிக்கும் யாரும் இந்தப் படிப்பு படிக்கல. அவர் நிறுத்திட்டாருன்னா, பாதியில வுட்டுட்டு நகரியில எல்கேஜி டீச்சராத்தான் போவணும். நீ வேற ஒண்ணும் பண்ண வாணாம். தூங்கு. அது போதும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக, கங்கையாவுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை ஒருவர் அவரிடம் கேட்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்குப் போன தூக்கம்தான்.

திங்கட்கிழமை நிலவரம் இது. அவருடைய மனைவி வெங்கடலட்சுமி கட்டிலைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, புருஷனை நோட்டம் விட்டாள்.

"ஒடம்பு சூடு. வேற ஒண்ணுங் கெடையாது. வௌக்கெண்ண வெச்சி தேச்சா நாயா தூங்குவான்."

"அம்மா, தலையில மறுபடியும் ஒயர் ஒட்டணும்மா."

"எண்ண வெச்சாத்தான் நல்லா ஒட்டும். எங்களுக்குத் தெரியாதா."

மகள் பசை எடுத்துவரப் போன இடைவெளியில் ஒரு கிண்ணம் விளக்கெண்ணெய் கங்கையாவின் உச்சந்தலையில் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் ஒட்டிய ஒயர்கள் எல்லாம் வழுக்கிக்கொண்டு காது வழியாகவும் மூக்கு வழியாகவும் இறங்கின. ஒன்று சட்டைக்குள் போய்த் தொப்புளண்டை உட்கார்ந்துகொண்டது. மிஷின் அதையும் விசுவாசமாகப் பதிவு செய்தது. திரையில் ஒரு கோடு ஏரித்தண்ணீர் மாதிரி அழகாக ஏறி இறங்குவதைப் பார்த்து பிரமிளா மேடம் ஓடிவந்தார்.

"அப்பாடா. தூங்கறாரு."

"இல்ல மேடம்" என்றாள் சிவசங்கரி. "இவர் வயிறு மட்டும் தூங்குது."

செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்து தகவல் வந்தது. திருப்பதி யூனிவர்சிட்டிக்காரர்கள் கங்கையாவின் தூக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாம். நாலு தெரு ஆட்களும் ஆச்சரியப்பட்டார்களாம். வெங்கடலட்சுமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தூக்கத்து மேல கண்ணு பட்டிருக்குது. சுத்திப் போடாம இது வராது."

"இது லேப்பும்மா."

"லேப்புன்னா கண்ணு படாதா? இத்தினி கண்ணாடி வெச்சிக்கினு கீறீங்க."

உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்து, கட்டிலோடு சேர்த்துப் புருஷனை மூன்று சுற்று சுற்றி, ஒயர்களுக்கும் தனியாக ஒரு சுற்று சுற்றி, இரும்புக் கரண்டியில் கரியைக் கனியவைத்து அதில் கொட்டினாள். மிளகாய் நெடி வரவில்லை. "பாத்தியா, எவ்ளோ பெரிய கண்ணு" என்று சொல்லி இன்னொரு கைப்பிடி போட்டாள். இந்தத் தடவை வந்தது. கூரையில் இருந்த புகை மணி அலறியது. மூன்று மாடிப் பிள்ளைகளும் இருமிக்கொண்டே மைதானத்துக்கு ஓடினார்கள். பரீட்சை எழுதிக்கொண்டிருந்த ஒரு வகுப்புக்குப் பரீட்சை தள்ளிப்போனது. அவர்கள் மட்டும் அந்த அம்மாளைத் தேடிவந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கங்கையா கண்ணில் நீர் வழியப் படுத்திருந்தார். "கண்ணே தொறக்க முடில சங்கரி. ஆனா தூக்கமும் வரல."

பிரமிளா மேடம் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார். மூச்சு வாங்கிக்கொண்டே, "பரவாலேது, பரவாலேது" என்றார். "ஒயர் ஒட்டறதுக்கு மொதல்ல ஒரு வழி பாருங்க. அந்த எண்ணெ எத்தன ஷாம்பூ போட்டாலும் போகாதண்டி."

வழி மலைமேல் இருந்தது. வெங்கடலட்சுமி ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருந்தாள்: வெள்ளிக்கிழமை நல்லபடியாகத் தூங்கிவிட்டால் மொட்டை போடுகிறோம் என்று. காரியம் முடிந்த பிறகு செலுத்த வேண்டிய முடி. ஆனால் எண்ணெய்ப் பிரச்சினையும் இருப்பதால், சாமிக்கு அட்வான்ஸாகவே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

"முன்னாடியே வாங்கிக்கினா அவுரு செஞ்சிதான் ஆவணும். யாரு கிட்டனாலும் அட்வான்ஸ் குடுத்தா பேச்சு வேற" என்றாள்.

புதன்கிழமை விடியுமுன்னே மலையேறினார்கள். முடி இறக்கினார்கள். தரிசனத்துக்காகக் கம்பிக் கதவு போட்ட மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். சுற்றிலும் கோவிந்தா சத்தம், குழந்தைகளின் அழுகை, பால் விநியோகம், மைக்கில் காணாமல்போனவர்களின் பெயர்கள். அத்தனைக்கும் நடுவில் கங்கையா தூங்கினார். ஒரு வாரமாக வராத தூக்கம் அத்தனையும் மொத்தமாக வந்து இறங்கியது. கதவு திறந்து கூட்டம் நகர்ந்தபோது அவரும் தூங்கிக்கொண்டே நகர்ந்தார். சாமி எதிரே போனபோதும் தூக்கம். பக்கத்தில் நின்றவர்கள், பக்தியில் மெய்ம்மறந்திருக்கிறார் என்று நினைத்து அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். லட்டு வாங்கி, பஸ் ஏறி, அடிவாரத்தில் இறங்கியபோது விழித்தார்.

"தரிசனம் ஆச்சாமே?"

"சாமிக்கு ஆச்சி" என்றாள் வெங்கடலட்சுமி. "அவுருதான் ஒன்னியப் பாத்தாரு."

அன்று மத்தியானம் கட்டிலில் படுத்தால், உடம்பில் ஒரு சொட்டுத் தூக்கம் மிச்சமில்லை. துடைத்துவைத்த பானை மாதிரி இருந்தது. ஒயர்கள் மட்டும் மொட்டைத் தலையில் ஜோராக ஒட்டின. குளிர்மிஷின் காற்று அந்த மொட்டையில் நேராக வந்து மோதியது. சந்தனம் பூசிய தலை ஐஸ்கட்டியாகிவிட்டது. குல்லா போடலாம் என்றால் ஒயர். குளிரை நிறுத்தலாம் என்றால் மிஷின் சூடாகும்.

"வீட்ல எப்பிடிண்டி தூங்குவாரு?" என்று மேடம் கேட்டார்.

சிவசங்கரிக்கு அப்போதுதான் பளிச்சென்று பட்டது. "மோட்டார் சத்தம் மேடம். போர்ல மோட்டார் ஓடிக்கினே இருந்தா நைனா பக்கத்துலயே படுத்து நல்லா தூங்கும்."

பக்கத்து நிலத்துக்காரரிடம் போனில் சொல்லி, அவருடைய மோட்டார் ஓடுகிற சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னாள். வியாழக்கிழமை அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள்.

ஆஹா என்று சொல்ல வேண்டும். ஊம்ம்ம் என்று அந்தச் சத்தம் எழுந்ததும் கங்கையாவின் முகம் இளகியது. கால் கட்டைவிரல் தளர்ந்தது. அறைக்குள் ஈரமண் வாசனை வந்ததாகக்கூட மேடத்துக்குத் தோன்றியது. திரையில் முண்டியடித்த கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்தன. ஏறின. இறங்கின. சிவசங்கரி வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மூச்சுவிடப் பயந்தார்கள்.

அப்போது பதிவு முடிந்துபோய், சத்தம் நின்றது.

மோட்டார் ஓடும்வரை தூங்குகிற விவசாயி, மோட்டார் நின்றால் எப்படிப்பட்ட தூக்கத்திலிருந்தும் எழுந்துவிடுவான். அது படிப்பில் வருவதில்லை.

"கரெண்டு பூட்ச்சி" என்று ஒரே குதியில் எழுந்த கங்கையா, ஸ்டார்ட்டரை நோக்கி ஓடினார். ஸ்டார்ட்டர் விஜயபுரத்தில் இருந்தது. வழியில் கண்ணாடிக் கதவு இருந்தது. தலையோடு இணைந்திருந்த மிஷின் மேஜையை விட்டுக் கிளம்பி, அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்து, தொப்பென்று தரையில் உட்கார்ந்தது.

மேடம் குனிந்து ஓர் உடைந்த மூடியைப் பொறுக்கினார். சிவசங்கரி தரையில் உட்கார்ந்து பிளாஸ்திரி போட்டு மிஷினை ஒட்ட ஆரம்பித்தாள். அழவில்லை, அதுதான் கங்கையாவுக்குத் தாங்க முடியவில்லை.

"சங்கரி. நான் வேணும்னா கண்ண மூடிக்கினு கொறட்ட வுடறேன். நல்லா வுடுவேன்."

"மிஷினு காட்டிக் குடுத்துடும் நைனா."

"மிஷினுதான் ஒடஞ்சிடுச்சே."

"அதெல்லாம் வாணாம். அவர் நம்பிக் குடுக்கறாரு. வேஷம் போடறதுக்கா நான் படிக்க வந்தேன்?"

கங்கையா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்திரியைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை. தோத்தாபுரி மாம்பழ லாரிகள் ஆலை வாசலில் வரிசையாக நிற்கிற சீசனில், அத்தனையையும் விட்டுவிட்டு கிருஷ்ணப்பா வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை. கண் இரண்டும் கோவைப்பழம். அந்தக் கண்ணைப் பார்த்ததும் வாசலில் மாலையோடு நின்ற இரண்டு பேராசிரியர்கள் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். அவருடைய டிரைவர் அப்பாவு காரை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

"அந்த ஆளு எங்க?" என்றார் கிருஷ்ணப்பா.

பிரமிளா மேடம் தயாரித்து வைத்திருந்த வரவேற்புரையில், "ஓய்வறியாத தங்கள் உழைப்பு" என்கிற இடம்வரைகூடப் போகவிடவில்லை. நேராகக் கட்டிலண்டை போய், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தூங்குங்க."

கங்கையா படுத்தார். கண்ணை மூடினார். மூடிய இமையின்மேல் அந்தச் சிவந்த கண் இரண்டும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒரு பக்கம் புரண்டார். மறுபக்கம் புரண்டார். ஆடு எண்ணினார், அவருக்கு இருந்ததே நாலு ஆடு, உடனே முடிந்துபோனது. அறை மூலையில் வெங்கடலட்சுமி கூடையை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசைய வேண்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவசங்கரி திரையைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கங்கையா எழுந்து உட்கார்ந்தார்.

"சார், வரல. நெசத்தச் சொல்லிடறேன். ஒரு வாரமா வரல. எம் பொண்ணு மேல தப்பு கெடையாது. அது எழுதுனது அத்தினியும் நெசம். ஊர்ல வந்து பாருங்க, எங்க ஒக்காந்தாலும் தூங்கற ஆளு நானு. இங்கதான் வரல."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். கிருஷ்ணப்பா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துக்கொண்டார். முன்னால் குனிந்து, ரகசியம் கேட்பதுபோல் கேட்டார்.

"ஊர்ல எப்பிடி வரும்? அது வர்ற வழியச் சொல்லுங்க."

"எப்பிடின்னா... அது ஒரு கதையா சார்?"

"சொல்லுங்க."

கங்கையா மொட்டைத் தலையைத் தடவப் போய், ஒயர் தட்டுப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"மத்தியானம் கரெண்டு வந்தா மோட்டாரு போடுவேன் சார். தண்ணி ஒடனே வராது. பைப்பு ரெண்டு வாட்டி இருமும். அப்பால வரும். வந்து தொட்டியில வுழும். தொட்டி ரொம்பற வரிக்கும் நான் சும்மா பாத்துக்கினு இருப்பேன்."

"அப்பறம்?"

"அப்பறம் வாய்க்கால்ல எறங்கும். அதுக்கு ஒண்ணும் அவசரம் கெடையாது சார். காஞ்ச எல ஒண்ணு வழியில கெடந்தா, அதத் தூக்கி இடுப்புல வெச்சிக்கினு போவும். நண்டு வளை இருந்தா உள்ள பூந்து, யாரு கீறாங்கன்னு பாத்துட்டு வெளிய வரும். நானும் அது கூடவே நடப்பேன். காலு வரப்புல, கண்ணு தண்ணியில."

"ம். அப்பறம்?"

"மொதல் பாத்தி வேர்க்கடல. மடையத் தொறந்து வுடுவேன். வெயில்ல காஞ்ச மண்ணு சார், தண்ணி வந்தா குடிக்கும் பாருங்க, சத்தம் கேக்கும். சின்னச் சின்னதா கொமிழி வுட்டு, குடிச்சிக்கினே இருக்கும். போதும்னு சொல்லாது. அப்பால நெறம் மாறும். செவப்பா இருந்தது கருப்பாவும். கொக்கு ஒண்ணு வந்து எறங்கும். அதும் ஒரு காலத் தூக்கிக்கினு சும்மா நிக்கும்."

ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகக் கனிந்து சொட்டிக்கொண்டிருந்தது. கங்கையாவின் குரல் வாய்க்கால் தண்ணீரைப் போலவே அறைக்குள் நுழைந்து, மேஜைக்கால்களைச் சுற்றி, நாற்காலிகளின் அடியில் பரவி, சுவரோரம் போய்த் தேங்கியது. யாருடைய காலையோ அது நனைத்திருக்க வேண்டும். வெங்கடலட்சுமியின் கூடை மடியிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அப்ப...றம்?"

"ரெண்டாவது பாத்தி. அதுக்கும் அவசரம் கெடையாது. இந்த மடைய மூடி அந்த மடையத் தொறந்துட்டு, வரப்பு மேல ஒக்காருவேன். காலு ரெண்டும் தண்ணிக்குள்ள. தூக்கம் தலையில வராது சார். தப்பா சொல்றாங்க. காலு வழியா வரும். மொதல்ல பாதம் மண்ணுல பொதையும். அப்பால முட்டி. அப்பால நம்ம பேரு என்னான்னு தண்ணி கேக்கும். தெரிலன்னு சொல்லிடணும். தெரிலன்னு சொல்லிட்டா, தூக்கிக்கினு பூடும். அந்த எலையத் தூக்கிக்கினு போச்சி பாருங்க, அந்த மாதிரி."

"அப்..."

"மூணாவது பாத்தி போவறப்ப..."

மூன்று போய், நாலு போய், ஐந்தாவது பாத்திக்கு மடை திறந்தார் கங்கையா. யாரும் அப்புறம் என்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார்.

வெங்கடலட்சுமி சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கினாள். பிரமிளா மேடம் வரவேற்புரையைக் கன்னத்துக்கு வைத்துக்கொண்டு தூங்கினார். சிவசங்கரியின் தலை மேஜைமேல் கிடந்தது. சின்ன வயதில் தூங்குவாளே, அதே மாதிரி விரலை மடக்கிக்கொண்டு. கதவுக்கு வெளியே இரண்டு பேராசிரியர்களும் ஒரே மாலைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள்.

கிருஷ்ணப்பாவின் தலை கட்டில் ஓரத்தில், தலையணைமேல் விழுந்திருந்தது. மெல்லிய குறட்டை.

கங்கையா பதறினார். எத்தனை பெரிய மனிதர். சீசன் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தவர். தூக்கத்தைக் காட்டு என்று கேட்டால், வளவளவென்று பேசி அவரையே சலிப்பில் தூங்கவைத்துவிட்டோம். கண் விழித்ததும் மானம் போனதென்று எழுந்து போவார். அத்தோடு சங்கரியின் படிப்பு போயிற்று.

"சார்" என்று மெதுவாகக் கூப்பிட்டார். "சார், நாலு பேரு பாக்கறதுக்குள்ள எழுந்துடுங்க."

தோளைத் தொட்டார். கிருஷ்ணப்பா தலையணையை இழுத்துக் கட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே போனார்.

மகளை எழுப்பலாம் என்றால் மனம் வரவில்லை. கங்கையா ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து வைத்துவிட்டு, ஓசைப்படாமல் வெளியே வந்து வேப்பமரத்தடிக்கு ஓடினார். அப்பாவு கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சி. ஒங்க மொதலாளி தூங்கிட்டாரு. நான்தான் பேசிப் பேசி இப்பிடி ஆக்கிட்டேன். நீங்க வந்து எழுப்புனா கோவிச்சிக்க மாட்டாரு. எம் பொண்ணு படிப்பு இதுலதான் கீது, கொஞ்சம் வாங்கண்ணே."

அப்பாவுவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. வயதான மனிதர், ஆனால் கங்கையாவை முந்திக்கொண்டு ஓடினார். கதவண்டை போனதும் செருப்பைக் கழற்றினார். நுனிக்காலில் நடந்துபோய், முதலாளியின் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தார். மூச்சு வந்தது. குறட்டையும் வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அவர் எழுப்பத் தயங்குகிறார் என்று நினைத்து, கங்கையா தானே குனிந்து கிருஷ்ணப்பாவின் தோளில் கையை வைத்தார். அந்தக் கையை அப்பாவு எட்டிப் பிடித்தார். பிடித்த பிடியில் அவரை வெளியே இழுத்துவந்து, கதவைப் பூ மாதிரி சாத்திவிட்டு, தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காதோடு காதாகச் சொன்னார்:

"சும்மா இருய்யா, பதினஞ்சு வருசமா கண்ண மூடாத மன்சன், இந்த ஒரு தூக்கத்தத் தேடித்தான் ஒவ்வொரு யூனிவர்சிட்டியா குடுத்துக்கினு வராரு."